வெள்ளரிக் கொல்லைக்குள் இறங்கிய பஸ்

என் ராசாவுக்கு,

நாங்கள் சுகம், நீ சுகமா என்று எழுத வேண்டிய இடத்தில் வேறு ஒன்றைக் கேட்டுத்தான் ஆரம்பிக்கிறேன். இன்றைக்குக் காலையில் பஸ்ஸை எடுக்கும் முன்னால் அந்த மாத்திரையைப் போட்டாயா, இல்லையா? மற்ற விசேஷமெல்லாம் அப்புறம். இதற்கு மட்டும் முதலில் பதில் எழுது. மூன்றாங் கிளாஸோடு நின்றவள் எழுதுகிற கடிதம் இது. கொம்பு சுழி தப்பியிருந்தால் பொறுத்துக்கொள். நாளைக்கு உனக்கு வாய்க்கப் போகிறவளிடம் எடுத்துக் காட்டிச் சிரிக்காதே, அவள் எப்படியும் என்னைப் பார்த்ததும் தானாகவே சிரிப்பாள்.

உன் கடிதம் வந்ததும் வாசலில் வைத்தே உன் அப்பா படித்துக் காட்டினார். வத்தலக்குண்டிலிருந்து மலைக்குப் போகிற பஸ்ஸில் உன்னையே நிரந்தர டிரைவராகப் போட்டுவிட்டார்கள் என்ற வரியை மட்டும் இரண்டு தரம் படித்தார். இரண்டாந்தரம் தெருவுக்கே கேட்கிற மாதிரி. அப்புறம் குரல் இறங்கிவிட்டது. மலைக் குளிரில் உடம்பெல்லாம் தடித்துத் தடித்து வருகிறது, மருந்துக் கடையில் ஒரு சின்ன மாத்திரை கொடுத்தார்கள், போட்டால் அரிப்பு பறந்துபோகிறது, காலையில் கொஞ்சம் அசதியாக இருக்கிறது, டீ குடித்தால் சரியாகிவிடுகிறது என்று எழுதியிருந்தாய். அப்பா அந்தக் காலத்தில் சாப்பிட்டது இதுதானா என்று கேட்டு மாத்திரைக் காகிதத்தையும் உள்ளே வைத்து அனுப்பியிருந்தாய். உன் அப்பா அந்தக் காகிதத்தை எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அவனேதான் புள்ள. நம்ம பொம்மத்தாசன்" என்றார்.

டாக்டர் சொன்ன பேர் புரோமெத்தசின். உன் அப்பா வாய்க்குள் போய் வெளியே வந்தபோது அது பொம்மத்தாசன் ஆகியிருந்தது. நம் வீட்டில் அது ஒரு பங்காளி மாதிரி வந்து போய்க்கொண்டிருந்த மருந்து. அப்பா ஏதோ மாத்திரை சாப்பிட்டார் என்பதற்கு மேல் உனக்கு ஞாபகம் இருக்காது. உனக்கு ஞாபகம் இருப்பது வெள்ளரிக்காய்தான். பஸ்ஸில் போய்க்கொண்டே இருந்தோம், திடீரென்று வெள்ளரிக் கொல்லை வந்தது, எல்லோரும் இறங்கி வெள்ளரிக்காய் தின்றோம் என்று பள்ளிக்கூடத்தில், கல்யாண வீட்டில், எங்கே போனாலும் அந்தக் கதையைச் சொல்வாய். நாங்களும் கூடச் சேர்ந்து சிரிப்போம். நீ சொன்னது பொய்யில்லை, பாதி. மீதிப் பாதியை இப்போது சொல்லாவிட்டால் நான் உன்னைப் பெற்றதற்கு அர்த்தமில்லை. அதனால் டீயைக் குடித்துவிட்டு உட்கார்ந்து படி.

உன் அப்பா பஸ்ஸுக்கு வந்தது கரி போட்டு ஓட்டிய காலத்தில். பஸ்ஸின் முதுகில் ஒரு அடுப்பு இருக்கும். இவர் கிளீனர். கரியை அள்ளிப் போட்டு, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி ஊத வேண்டும். ராஜா நாடு போய் நம் ஊர் இந்தியாவோடு சேர்ந்த சமயத்தில்தான் எங்களுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கறுப்பா சிவப்பா என்று என் தோழி கேட்டாள். கழுவிப் பார்த்தால்தான் தெரியும் என்றேன். அப்புறம் டீசல் பஸ் வந்தது, இவரும் லைசென்ஸ் எடுத்து டிரைவர் ஆனார். புதுக்கோட்டையிலிருந்து திருமயம் வழியாகப் பொன்னமராவதி. அந்த ரோட்டில் எந்த வளைவில் எந்த ஆடு குறுக்கே வரும் என்பது வரைக்கும் அவருக்குத் தெரியும். காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் தெருவில் இறங்கினால் எனக்கு அப்படி ஒரு பெருமை. ஆனால் ஒரு அவமானமும் உண்டு, அது ஊருக்கே தெரியும். டிரைவர் பெண்டாட்டிக்கு பஸ் ஆகாது. டீசல் வாசம் மூக்கில் ஏறினால் போதும், குடல் வாய்க்கு வந்துவிடும். ஏறி உட்கார்ந்து டிக்கெட் கிழிப்பதற்குள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிடுவேன். வல்லத்திராக்கோட்டையில் இருக்கிற என் பிறந்த வீட்டுக்கு மாட்டுவண்டியில்தான் போவேன். வழியில் உன் அப்பா பஸ் என்னைத் தாண்டிப் போகும். வேண்டுமென்றே ஹாரனை நீளமாக அடித்துவிட்டுப் போவார். கண்டக்டர் காதர்பாய் பின்படியில் தொங்கிக்கொண்டு, "மதினி, எடம் இருக்கு, வாரீங்களா?" என்று கத்துவார். பஸ் முழுவதும் சிரிக்கும். நான் வண்டிக்குள்ளிருந்து, வண்டி கூட்டுகிற வாரியலைத் தூக்கிக் காட்டுவேன்.

உனக்கு அப்போது ஐந்தாறு வயசு இருக்கும். கோடை. உன் அப்பாவுக்கு உடம்பெல்லாம் தடிக்க ஆரம்பித்தது. முதலில் இடுப்பில், அப்புறம் முதுகில், அப்புறம் கண் இமை. வட்டம் வட்டமாகச் சிவந்து எழும்பும், ஒரு இடத்தில் அடங்கினால் இன்னொரு இடத்தில் கிளம்பும். ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் சீப்பு. முதுகைச் சொறிந்துகொண்டே திருமயம் கோட்டையைத் தாண்டுவாராம். முன்சீட்டில் உட்கார ஆட்கள் யோசித்தார்கள். தொற்று வியாதி என்று ஒருவர் முதலாளி காதில் போட்டுவிட்டால் வேலை போய்விடும் என்று இவருக்குப் பயம். அதனால் ஒரு வேலை செய்தார். லீவு நாளில் வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் துண்டைச் சுற்றி, புதுக்கோட்டை டவுனில் ஒரு டாக்டரிடம் போனார். "என்ன தொழில்?" என்று கேட்டாராம் டாக்டர். "வெவசாயங்க" என்று சொல்லிவிட்டார். டிரைவர் என்று சொன்னால் எழுதி முதலாளிக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயம். டாக்டரும் பாவம், நம்பிவிட்டார். தடிப்பைப் பார்த்து, "இது தொத்து இல்ல, பயப்படாதீங்க. ஒங்க ஒடம்புக்கு எதுவோ ஒத்துக்கலை" என்று சொல்லி, இந்த மாத்திரையைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். "ராத்திரி படுக்கிறப்ப ஒண்ணு. தூக்கமா வரும், வாய் காயும். வெவசாயம்தானே, ரெண்டு நாளைக்கு நல்லாத் தூங்குங்க" என்றாராம்.

ராத்திரி வரைக்கும் பொறுப்பாரா உன் அப்பா? வீட்டுக்கு வந்த உடனே, உச்சி வெயிலில், தண்ணீரைக் குடித்து விழுங்கிவிட்டார். கொஞ்ச நேரத்தில் தடிப்பெல்லாம் வற்றத் தொடங்கியது. கூடவே கண்ணும் சொருகத் தொடங்கியது. நல்லபடியாகத் தூங்கி எழுந்திருந்தால் இந்தக் கடிதமே தேவையில்லை. ஆனால் அந்த நேரம் பார்த்து உன் பெரிய அத்தை உள்ளே வந்தாள். உன் அத்தையைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன், அவளுக்குப் பிடித்ததெல்லாம் தம்பியும் அதிகாரமும்தான். இவர் உடம்பைப் பார்த்ததும், "அடி ஆத்தே, காணாக்கடியில்ல இது!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். நம் பக்கத்தில் உடம்பு தடித்தால் ஏதோ பூச்சி கண்ணில் படாமல் கடித்துவிட்டது என்பதுதான் கணக்கு. விஷக்கடிக்கு முதல் வைத்தியம் என்ன? கடிபட்டவனைத் தூங்கவிடக் கூடாது. தூங்கினால் விஷம் தலைக்கு ஏறிவிடும்.

"அக்கா, மாத்திரை போட்டிருக்கேன். தூக்கம் வரும்னு டாக்டரே சொன்னாரு" என்றார் உன் அப்பா, பாதி கண்ணைத் திறந்து.

"டாக்டருக்கு என்னடா தெரியும்? பூச்சி கடிச்சதை அவரு பாத்தாரா?"

நான் சும்மா இருந்திருக்கலாம். "நீங்க பாத்தீங்களாக்கும்?" என்று கேட்டுவிட்டேன்.

"பாத்திருந்தா அதுக்குக் காணாக்கடின்னு ஏன்டி பேரு?" என்றாள்.

விஷமா இல்லையா என்று பார்க்க வேப்பிலையும் மிளகும் கொண்டுவந்தாள். மென்று பார்த்து, கசப்பும் உறைப்பும் தெரிந்தால் விஷம் இல்லை. தெரியாவிட்டால் ஏறிவிட்டது. மாத்திரை போட்டவருக்கு வாய் காய்ந்து, நாக்கு கோணித் துணி மாதிரி கிடக்கிறது. வேப்பிலையை மென்றார், மென்றுகொண்டே இருந்தார். "கசக்குதா தம்பி?" "ஒண்ணுந் தெரியலக்கா." "மொளகு உறைக்குதா?" "அது மொளகாக்கா? நான் வேப்பங்கொட்டையாக்கும்னு நெனச்சேன்." அவ்வளவுதான். உன் அத்தை போட்ட சத்தத்தில் தெருவே திரண்டுவிட்டது. இரண்டு பேர் இரண்டு பக்கம் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி அவரைத் தெருவில் அங்கிட்டும் இங்கிட்டும் நடத்தினார்கள். தலையில் தண்ணீரை ஊற்றினார்கள். கண் மூடும்போதெல்லாம் காதருகே சத்தம் போட வேண்டும் என்று உன் கையில் ஒரு தாம்பாளத்தையும் கரண்டியையும் கொடுத்தார்கள். நீ அதைத் தட்டிய தட்டு இருக்கிறதே! உன் வாழ்க்கையில் அதற்கப்புறம் எந்த வேலையையும் அவ்வளவு பொறுப்பாக நீ செய்து நான் பார்த்ததில்லை. உன் அப்பா நின்றுகொண்டே தூங்கினார், நடந்துகொண்டே தூங்கினார், ஒரு தரம் உன் அத்தை தோளில் சாய்ந்து, "காதரு, திருமயம் வந்துருச்சா?" என்று கேட்டார். அதுவும் விஷம் பேசுகிற பேச்சு என்று ஆகிவிட்டது. விடிய விடிய அவரை யாரும் கண்ணை மூட விடவில்லை. விடிந்தபோது மருந்தின் மயக்கம் கொஞ்சம் தெளிந்திருந்தது. "பாத்தியாடி, என் தம்பியைக் காப்பாத்திப்புட்டேன்" என்று சொல்லிவிட்டு உன் அத்தை போய்ப் படுத்து நன்றாகத் தூங்கினாள்.

இவருக்கு அன்றைக்கு டூட்டி. தடிப்பு மறுபடி கிளம்பியிருந்தது. நேற்று கேட்ட மருந்துதானே என்று நீராகாரத்தைக் குடித்து இன்னொரு மாத்திரையையும் விழுங்கிவிட்டு, காக்கிச் சட்டையை மாட்டினார். நீ கூடப் போவேன் என்று காலைக் கட்டிக்கொண்டாய். உன்னைத் தூக்கிக்கொண்டு போய் இன்ஜின் பெட்டி மேல் சாக்கை விரித்து உட்கார வைத்தார். இதற்கப்புறம் நடந்தது எனக்குக் காதர்பாய் சொன்னது. உன் அப்பா ஓட்டினால் வாய் மூடாது, வண்டிக்காரனோடு ஒரு சண்டை, ஆட்டுக்காரனோடு ஒரு சண்டை என்று போகும். அன்றைக்குத் திருமயம் தாண்டியும் சத்தமே இல்லையாம். ரோடு கண்மாய்க் கரை மேல் ஏறுகிற இடம் வந்தது. காதர்பாய் பின்னாலிருந்து, "அண்ணே, என்னண்ணே இன்னைக்கு மௌனவிரதம்?" என்று கேட்டிருக்கிறார். பதில் இல்லை. பஸ் மெதுவாக, யாரோ கையைப் பிடித்து அழைத்துப் போகிற மாதிரி, கரையைவிட்டு உள்பக்கம் இறங்கியது. கோடையில் தண்ணீர் வற்றின கண்மாய்க்குள் வெள்ளரி போட்டிருந்தார்கள். கொடியெல்லாம் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு, மணலில் புதைந்து, நடுக்கொல்லையில் போய் நின்றது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. ஒரு ஆத்தாளின் கோழிக்கூடை மட்டும் கவிழ்ந்து, கோழிகள் பஸ்ஸுக்குள் பறந்தன. கொல்லைக்காரர் குடிசையிலிருந்து வந்து, சுற்றிப் பார்த்துவிட்டு, "பஸ்ஸுக்கு இங்கிட்டு ஸ்டாப்பிங்கு எப்பய்யா வச்சாங்க?" என்று கேட்டார். பயந்துபோயிருந்த சனம் அப்போதுதான் சிரித்தது. அவரே காயைப் பறித்துப் பறித்துக் கொடுத்தார். நீ சொல்கிற கதை இங்கே முடிகிறது.

மீதி இதுதான். பஸ் இறங்கின பக்கம் மணல். அந்தப் பக்கம், கரைக்கு வெளிப்பக்கம், மடைக்குழி. அங்கே கோடையிலும் ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும், படிக்கல் எல்லாம் கூராக இருக்கும். தூங்கிவிட்ட ஒரு ஆளின் கை இடது பக்கம் சாயாமல் வலது பக்கம் சாய்ந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். எல்லோரும் இறங்கி வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தபோது உன் அப்பா உன்னையும் இறக்கிக்கொண்டு போய் ஒரு பனைமரத்தடியில் உட்கார்ந்தாராம். உன் கணுக்காலைப் பிடித்தவர் விடவே இல்லையாம். காதர்பாய் வந்து, "விடுங்கண்ணே, பய ஓடியாடட்டும்" என்று சொல்லியும் விடவில்லை. நீ ஒரு காலை அவரிடம் கொடுத்துவிட்டு, வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தாய். சாயங்காலம் உன்னைக் குளிப்பாட்டும்போது உன் கணுக்காலில் வரிசையாகச் சிவந்து தடித்திருந்ததைப் பார்த்து, பிள்ளைக்கும் காணாக்கடி வந்துவிட்டதா என்று திடுக்கிட்டேன். அப்புறம் கிட்டே வைத்துப் பார்த்தேன். உன் அப்பாவின் விரல்.

டாக்டரிடம் மறுபடி போனபோது நானும் போனேன். எப்படிப் போனேன் என்று கேட்காதே, மாட்டுவண்டிதான். உன் அப்பா இந்தத் தரம் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டே போய் நின்றார். டாக்டர் சட்டையைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். "வெவசாயம்னீங்க?" "இல்லைங்கய்யா, பஸ்ஸு ஓட்டுறேன். நேத்து அதை வெள்ளரிக் கொல்லையில விட்டுட்டேன்." டாக்டர் நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டார். "ஏன்யா, மருந்துல ஒரு தப்பும் இல்ல. ஆளுதான் தப்பு, நேரந்தான் தப்பு. நீங்க டிரைவர்னு சொல்லியிருந்தா டூட்டி நாளுல இதைத் தொடவே விட்டிருக்க மாட்டேனே!" என்று திட்டினார். உன் அப்பா தலையைக் குனிந்து நின்றார். அப்பாவுக்குப் பதிலாக நான் கேட்டேன், அரிப்புக்குப் போடுகிற மாத்திரைக்கும் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று.

டாக்டர் சொன்ன விதம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. "ஒங்க வீட்டுக்காரரு பஸ்ஸை வச்சே சொல்றேன்மா" என்றார். உடம்புக்குச் சேராத ஒன்று உள்ளே போனால் உடம்பே ஒரு சரக்கைச் சுரக்குமாம். அந்தச் சரக்கு போய் உட்காருவதற்கென்று உடம்பில் சீட்டு இருக்கிறதாம். அது உட்கார்ந்தால்தான் தடிப்பும் அரிப்பும். இந்த மாத்திரை என்ன செய்கிறது? திருவிழாக் கூட்டத்தில் பஸ் வந்து நிற்கும் முன்பே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்களே, அதுபோலச் சீட்டில் துண்டைப் போட்டுவிடுகிறது. சரக்கு வந்து பார்த்தால் இடம் இல்லை. ஆனால் அதே மாதிரிச் சீட்டு மூளையிலும் உண்டு, அங்கே அந்தச் சரக்கு உட்கார்ந்திருப்பதால்தான் நாம் முழித்திருக்கிறோம். இந்த மருந்துக்கு ஆள் பார்த்துத் துண்டு போடத் தெரியாது. அங்கேயும் போட்டுவிடும். "ராத்திரி போட்டாலும் சில ஒடம்புக்கு மறுநா மத்தியானம் வரைக்கும் அந்தத் துண்டை எடுக்காது. தெளிஞ்ச மாதிரி இருக்கும், கண்ணு தொறந்திருக்கும், கையி மட்டும் லேட்டா வரும். டீ குடிச்சாலும் போகாது" என்றார். ராசா, இந்த வரியைத் திரும்பப் படி. நீ டீயைப் பற்றி எழுதியிருந்தாய் அல்லவா, அதற்காகத்தான் சொல்கிறேன்.

அப்புறம் தடிப்பு எதனால் வருகிறது என்று ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கச் சொன்னார். கண்டுபிடித்தது நான்தான். காதர்பாய் தன் ஊரான கடற்கரைப் பக்கத்திலிருந்து வாரம் தவறாமல் கொண்டுவந்து கொடுக்கிற எறால் கருவாடு! அதைக் கேட்டுக் காதர்பாய்க்குக் கோபம். "எங்க ஊரு எறாலை ஊரே திங்குது, அண்ணனுக்கு மட்டும் ஆகலைன்னா அண்ணன் ஒடம்பைப் பாருங்க மதினி." கருவாட்டை விட்டால் அரிப்பு விட்டுவிடும் என்றார் டாக்டர். உன் அப்பா இரண்டையும் விடவில்லை. மறுநாள் லீவு என்று நிச்சயம் தெரிந்தால்தான் கருவாடு. தின்றுவிட்டு, சொறிந்துவிட்டு, பொம்மத்தாசனைப் போட்டுப் படுத்து, மறுநாள் பூராவும் எழுந்திருக்கவே மாட்டார். நீ அதைத்தான் அப்பாவுக்கு உடம்பு அசதி என்று நினைத்துக்கொண்டு காலைப் பிடித்துவிடுவாய். கருவாட்டு அசதி அது. ஆனால் ஸ்டியரிங்கைத் தொடுகிற நாளில் அந்தப் பொட்டலம் என் அரிசிப் பானைக்கு அடியில் இருக்கும். அவர் கேட்டாலும் எடுத்துக் கொடுக்க மாட்டேன். கேட்கவும் மாட்டார்.

அன்றைக்கு நாங்கள் கிளம்பும்போது டாக்டர், "நீங்க ஏம்மா இத்தனை தூரம் மாட்டுவண்டியில வந்தீங்க, வீட்டுக்காரரு பஸ்ஸு ஓட்டுறப்ப?" என்று கேட்டார். உன் அப்பாவுக்கு அதுவரை குனிந்திருந்த தலை நிமிர்ந்துவிட்டது. என் மானத்தை ஒன்று விடாமல் எடுத்து வைத்தார். டாக்டர் சிரித்துவிட்டு, "அட, இவருக்கு ஆகாத மாத்திரை ஒங்களுக்குத்தான்மா ஆகும்! பஸ் ஏறுறதுக்கு முன்னாடி ஒண்ணு போட்டுக்கிட்டீங்கன்னா வாந்தி வராது" என்றார். அரிப்புக்கு எழுதின மருந்து பஸ் வாந்திக்கும் கேட்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் பொன்னமராவதியில் என் அண்ணன் மகள் கல்யாணம் வந்தது. முகூர்த்தத்துக்கு மாட்டுவண்டி போய்ச் சேராது. சரி, ஆனது ஆகட்டும் என்று ஒன்றை விழுங்கிவிட்டு, பட்டுச் சேலையைக் கட்டி, உன் அப்பா பஸ்ஸில், அவருக்கு நேர் பின்சீட்டில் உட்கார்ந்தேன். அவர் அன்றைக்குச் சட்டைக்குக் கஞ்சி போட்டிருந்தார். கண்ணாடியைத் துடைத்து, அதில் என் முகம் தெரிகிற மாதிரித் திருப்பி வைத்தார். கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கழித்துப் பெண்டாட்டி தன் ஓட்டத்தைப் பார்க்கப் போகிறாள் என்று அவருக்கு அவ்வளவு ஆசை. எனக்கும்தான்.

பஸ் கிளம்பியது தெரியும். ஒரு ஹாரன் கேட்டது. அடுத்து நான் பார்த்தது பொன்னமராவதி. நடுவில் ஒன்றுமே இல்லை. பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மாள் தோளில் தலையைப் போட்டு, குறட்டைவிட்டுத் தூங்கியிருக்கிறேன். வாந்தி இல்லை, குமட்டல் இல்லை, பட்டுச் சேலை கசங்கவில்லை. உன் அப்பா இறங்கி வந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "கண்மாய்க் கரையில ஒரு லாரிக்கு எடங்குடுத்தேன் பாரு, நூல் புடிச்ச மாதிரி. பாத்தியா?" என்றார். "பாத்தேங்க" என்றேன். "எந்தப் பக்கம் ஒதுங்குனேன்?" நான் முழித்தேன். காதர்பாய் விழுந்து விழுந்து சிரித்தார். அதற்கப்புறம் எத்தனையோ தரம் அவர் பஸ்ஸில் போயிருக்கிறேன். மாத்திரை போட்டால் தூக்கம், போடாவிட்டால் ஜன்னல். உன் அப்பா ஓட்டி நான் பார்த்ததே இல்லை ராசா. இப்போது கண்ணில் புரை விழுந்து வண்டியை விட்டுவிட்டார். இனிமேல் பார்க்கவும் முடியாது.

இந்த மருந்தை நான் கெட்டது என்று சொல்லவில்லை. நன்றி கெட்டவள் இல்லை நான். உனக்குக் குடல்வால் ஆபரேஷன் செய்தபோது, உள்ளே கொண்டுபோகும் முன்னால் நர்ஸ் ஒரு ஊசி போட்டாள். மயக்க மருந்துக்குக் குமட்டாமல் இருக்கவும் பிள்ளை பயப்படாமல் இருக்கவும் என்றாள். அதிலும் இதே பொம்மத்தாசன்தான் இருந்தான். தாம்பாளம் தட்டின கை அப்படியே தளர்ந்து என் மடியில் விழுந்ததும் எனக்குப் பாதி உயிர் வந்தது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரி, கைப்பிள்ளை ராத்திரி பூராவும் அழுகிறது, உங்கள் தூக்க மருந்தில் கொஞ்சம் கரைத்துக் கொடுங்களேன் என்று வந்தபோது நான் கொடுக்கவில்லை. டாக்டரிடம் கேட்டதற்கு, "கைப்பிள்ளைக்கா? மூச்சுக்கே ஆபத்தாயிரும், அந்தப் பக்கமே போகாதீங்க" என்று பதறிவிட்டார். ஒருத்தருக்கு உயிர் கொடுக்கிற மருந்து இன்னொருத்தருக்கு என்ன செய்யும் என்று மருந்துக்குத் தெரியாது. எழுதிக் கொடுக்கிறவருக்குத்தான் தெரியும், அதுவும் நாம் உண்மையைச் சொன்னால்தான்.

அதனால் நீ செய்ய வேண்டியது இது. மருந்துக் கடைக்காரரிடம் அல்ல, டாக்டரிடம் போ. காக்கிச் சட்டையோடு போ. நான் மலை பஸ் டிரைவர் என்று அவர் கேட்பதற்கு முன்னால் நீயே சொல். குளிரினால்தான் தடிக்கிறதா என்று கேள், அவ்வளவு தூக்கம் வராத மாத்திரை ஏதாவது வந்திருக்கிறதா என்றும் கேள். அவர் என்ன கொடுத்தாலும் முதல் மாத்திரையை லீவு நாளில் போட்டுப் பார். வேலை போய்விடும் என்று பயமாக இருக்கும். உன் அப்பாவுக்கும் அந்தப் பயம்தான் இருந்தது. அவருக்குக் கரைக்கு ஒரு பக்கமாவது மணல் இருந்தது. உன் ரோட்டில் ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் என்ன என்று நீ எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "எம் பேரைச் சொல்லி எழுது புள்ள, நான் சொன்னேன்னு எழுது" என்கிறார். என்ன சொன்னார் என்று கேட்டேன். தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

என்னை மலைக்கு வரச் சொல்லி எழுதியிருந்தாயே, அதற்கும் பதில். வருகிறோம். நீ டாக்டரைப் பார்த்துவிட்டேன் என்று எழுதின மறுவாரமே கிளம்புகிறோம். வத்தலக்குண்டு வரைக்கும் நான் மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டு வருவேன். ஆனால் அங்கே ஒரு ராத்திரி சத்திரத்தில் தங்கி, மாத்திரை நன்றாகத் தெளிந்த பிறகுதான் உன் பஸ்ஸில் ஏறுவேன். மலைக்கு மேலே மாத்திரை கிடையாது. எலுமிச்சம்பழமும், பழைய துண்டும், ஒரு தூக்குச் சட்டியும் எடுத்து வைத்திருக்கிறேன். உனக்கு நேர் பின்சீட்டை எனக்குப் பிடித்து வை, துண்டு போட்டு. கண்ணாடியை என் முகம் தெரிகிற மாதிரித் திருப்பாதே, பார்க்கச் சகிக்காது. உனக்கு அரித்தால் அரிக்கட்டும், சொறியாமல் ஓட்டு. எனக்குக் குமட்டினால் குமட்டட்டும், கண்ணை மூடாமல் பார்க்கிறேன். எந்த வளைவில் எந்தப் பக்கம் ஒதுங்கினாய் என்று மேலே போய் இறங்கினதும் நீ கேள், ஒன்று விடாமல் சொல்கிறேன். அப்புறம், மறுநாள் உனக்கு லீவு என்றால், ஆளுக்கு ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு நாம் இரண்டு பேரும் தூங்குவோம். உன் அப்பா உட்கார்ந்து சோறு பொங்கட்டும்.

இப்படிக்கு,
கண்ணை மூடாமல் உன் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்
உன் ஆத்தா